ஆயில் பிரஷர் குறைகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆயில் பிரஷரைப் பற்றியவை. தனித்தனிப் பதில்களுக்கு முன், எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பாதுகாப்பாக ஒதுங்க முடிந்த முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். பெரும்பாலான கார்களில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகுதான் அந்த விளக்கு எரியும். அதற்குள் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயில் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தால் ஆயில் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்ததென்றால் மறுபடி கிளப்பாமல் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதுதான் வழி.

கேள்வி: என்னுடையது 1,40,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார். காலையில் கிளப்பும்போது ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. பேரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஆயில் பம்பை மாற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரில் யாராவது பிரஷர் காட்டும் கேஜ் மாட்டி அளந்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அளக்காதவரை இரண்டும் ஊகம்தான். பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன் மூன்று சோதனைகளை வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல கார்களில் சுமார் 1 லிட்டர் இருக்கும். குறைந்திருந்தால் 250 மில்லியாக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. அளவு சரியென்றால் ஆயிலையே பாருங்கள். பெட்ரோல் வாசனை அடிக்கிறதா, விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லாமல் ஓடுகிறதா? கடைசியாக என்ன கிரேடு ஊற்றினார்கள், எத்தனை கிலோமீட்டருக்கு முன் என்பது தெரியாவிட்டால், கையேட்டில் உள்ள கிரேடையும் புதிய ஃபில்டரையும் போட்டுவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். எந்த ஆயில் உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கும் பிரஷர் அளவுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்து சுவிட்ச். பழைய அமைப்பில் பிரஷர் சுவிட்சுக்கு ஒரே வயர்தான். பிரஷர் இல்லாதபோது அது எர்த்தைத் தொட்டு விளக்கை எரிய வைக்கும். பிரஷர் வந்ததும் விலகும். இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினைக் கிளப்பாமல் அந்த வயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. கனெக்டருக்குள் ஆயில் கசிந்திருந்தால் சுவிட்சை மாற்றிவிடலாம். கம்ப்யூட்டர் வழியாக சென்சாரைப் படிக்கும் புதிய கார்களில் இந்த எளிய சோதனை செல்லாது. அங்கே ஸ்கேனர் வேண்டும்.

மூன்றாவதுதான் தீர்ப்பைச் சொல்லும். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்ட வேண்டும். மரை பெரும்பாலும் எம்10×1 அல்லது 1/8 அங்குல அளவு. வண்டிக்கு ஏற்ற அடாப்டர் இல்லாமல் பலவந்தமாகத் திருகினால் பிளாக்கில் உள்ள மரை கெட்டுவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுழன்று நின்ற பிறகும் இன்னும் 10 நிமிடம் ஓடவிடுங்கள், ஏனென்றால் கூலன்ட்டைவிட ஆயில் மெதுவாகத்தான் சூடேறும். பிறகு ஐட்லிங்கில், 2000 ஆர்பிஎம்மில், 3000 ஆர்பிஎம்மில் என மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டோடு. அது கையில் இல்லாதபோது, 1000 ஆர்பிஎம்முக்கு 0.7 பார் என்ற பழைய பட்டறைக் கணக்கு குறைந்தபட்ச எல்லையாக உதவும். நல்ல நிலையில் உள்ள இன்ஜின்கள் பலவற்றில் சூடான ஐட்லிங்கில் 1 பாரை ஒட்டியும், 3000-இல் 3 பாருக்கு மேலும் காட்டும்.

ஐட்லிங்கில் 1.2 பார் காட்டிக்கொண்டே விளக்கும் மினுக்கினால் குற்றவாளி சுவிட்ச்தான். 0.4 காட்டி, 3000-இல் 2 பார் வரை ஏறினால் தேய்மானம் உண்மை. காரணம் இதுதான்: பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. அது பேரிங்கின் குறுகிய இடைவெளி வழியே வெளியேறத் திணறும்போதுதான் பிரஷர் உண்டாகிறது. அந்த இடைவெளி இரட்டிப்பானால் அதன் வழியே வெளியேறும் ஆயில் இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். 0.04 மில்லிமீட்டர் 0.08 ஆவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூட்டில் நீர்த்த ஆயிலும், ஐட்லிங்கில் மெதுவாகச் சுற்றும் பம்பும் சேரும்போது விளக்கு எரிய அது போதும். உங்கள் அறிகுறி இந்த வகைக்குப் பொருந்துகிறது என்பதால் முதல் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

பம்பா பேரிங்கா என்பதைப் பிரிக்காமலேயே ஓரளவு ஊகிக்கலாம். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து காகிதத்தை விரித்துப் பாருங்கள். வெள்ளி நிறத் தகடுத் துகள்கள் மினுங்கினால் பேரிங்கின் மேற்பூச்சு உதிர்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் அடியடுக்கு வரை போய்விட்டது. காந்தத்தில் ஒட்டுவது இரும்புத் துகள். அது வேறு எங்கிருந்தாவது வரும். சத்தத்தையும் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை விடும் நேரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் கனெக்டிங் ராட் பேரிங். லோடு ஏறும்போது அடியிலிருந்து கனத்த இடி போல வந்தால் மெயின் பேரிங். ஃபில்டர் சுத்தமாக இருந்து, சத்தமும் இல்லையென்றால் பம்பையும், பிரஷர் அதிகமாகும்போது திறக்கும் அதன் ரிலீஃப் வால்வையும் முதலில் பார்க்கலாம். பேரிங் தேய்ந்த இன்ஜினில் பம்பை மட்டும் மாற்றினால் கேஜ் முள் கொஞ்சம் ஏறும், தேய்மானம் தன் பாட்டுக்குத் தொடரும். அந்தச் செலவு வீண்.

கேள்வி: வளைவில் வேகமாகத் திரும்பும்போது மட்டும் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறது.

பதில்: ஆயில் அளவு குறைந்திருக்கிறது. திரும்பும்போது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நிற்கிறது. இன்றே ஊற்றுங்கள், பிறகு ஆயில் எங்கே போகிறது, கசிகிறதா எரிகிறதா என்று தேடுங்கள். அளவு சரியாக இருந்தும் இப்படி வந்தால், சம்பின் அடியில் கல் அடித்து உள்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கிய சம்ப் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றி முதல்முறை கிளப்பியதும் விளக்கு சில நொடிகள் எரிந்தது. கேடு ஏதும் ஆகியிருக்குமா?

பதில்: ஆகியிருக்காது. காலியான ஃபில்டர் நிரம்ப 2 முதல் 5 நொடிகள் ஆகும். 10 நொடி தாண்டினால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நொடிகளில் ரேஸ் கொடுக்கவே கூடாது. வாய் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டும் ஃபில்டராக இருந்தால் முன்கூட்டியே ஆயில் நிரப்பி மாட்டலாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் பிரஷர் ஏறிய நிமிடத்திலேயே ஆயில் முழுவதும் வெளியே கொட்டிவிடும்.

இப்படித் தினமும் காலையில் விளக்கு அணையத் தாமதமானால், ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இறுகிப்போயிருக்கும். நல்ல ஃபில்டர் ஒன்றை மாட்டினால் சரியாகிவிடும்.

கேள்வி: கேஜ் மாட்டிப் பார்த்தோம். ஐட்லிங்கில் 1.3 பார், நன்றாகவே இருக்கிறது. ஆனால் 3500 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோனால் முள் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது, நடுங்குகிறது. ஆயிலும் ஃபில்டரும் புதிது.

பதில்: மிக நல்ல கவனிப்பு. முள் இந்தத் திசையில் போனால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். தேய்ந்த பேரிங்கில் வேகம் கூடக் கூடப் பிரஷர் ஏறும். உங்கள் பம்புக்கு வேண்டிய அளவு ஆயில் வந்து சேரவில்லை. மெதுவாகச் சுற்றும்போது கிடைப்பது போதுகிறது, வேகமாகச் சுற்றும்போது போதவில்லை.

காரணம் பெரும்பாலும் சம்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலை அடைபட்டதுதான். ஆயில் மாற்றாமல் நீண்ட காலம் ஓட்டியதால் சேர்ந்த ஸ்லட்ஜ் எனப்படும் கருப்புக் கசடு ஒரு காரணம். சம்பை ஒட்டும்போது தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசை உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து வலையில் போய் உட்காருவது இன்னொன்று. ஆயிலிலேயே நனைந்து ஓடும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால், பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து வலையை அடைக்கும். அப்போது வலையைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல் பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

வலை சுத்தமாக இருந்தால் உறிஞ்சு குழாய் பம்போடு சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங்கைப் பாருங்கள். சூட்டில் அது இறுகித் தட்டையாகிவிட்டால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போலக் காற்றும் சேர்ந்து உள்ளே வரும். முள் நடுங்குவதற்கு அது ஒரு நல்ல விளக்கம். மேல்கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் பிரஷர் நிற்காது. அதனால் சம்பைக் கழற்றும் முன் டிப்ஸ்டிக்கை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சம்பைக் கழற்றியதும் துடைத்துவிடாமல் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு வலையைக் கழற்றிக் கழுவுங்கள். மடிப்புக்குள் துகள் மாட்டியிருந்தால் புதியதே போட்டுவிடுங்கள். ஓ-ரிங்கை எப்படியும் மாற்ற வேண்டும், மாட்டும்போது ஆயில் தடவ வேண்டும். சம்பை ஒட்டும் பசை 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில், அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உள்பக்கமாகச் செல்ல வேண்டும். பசையின் உறையில் குறித்த நேரம் வரை காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சம்பைக் கழற்றச் சோம்பல்பட்டு 'இன்ஜின் ஃப்ளஷ்' திரவம் ஊற்றி ஓடவிடுவது. ஸ்லட்ஜ் நிறைந்த இன்ஜினில் அது எல்லா அழுக்கையும் ஒரே நேரத்தில் பெயர்த்து வலையில் கொண்டுவந்து சேர்க்கும். அரைகுறையாக அடைபட்டிருந்த வலை முழுதாக அடைபடும்.

கேள்வி: டீசல் கார். ஆயில் மாற்றி 4000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாக மேல்கோட்டைத் தாண்டிவிட்டது. பிரஷரும் குறைந்திருக்கிறது. எப்படி?

பதில்: ஆயிலில் டீசல் கலக்கிறது. டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளில், சேர்ந்த கரியை எரிக்கப் பல இன்ஜின்கள் தாமதமாகக் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே சம்புக்கு வழியும். பெட்ரோல் என்றால் சூட்டில் பெருமளவு ஆவியாகிவிடும், டீசல் அப்படிப் போகாது. தினமும் ஐந்து, பத்து நிமிடம் மட்டும் ஓட்டினால் எரிப்பு வேலை பாதியில் நின்று, மறுநாள் மறுபடி தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

இந்த ஆயிலோடு ஓட்டாதீர்கள். நீர்த்துப்போனது ஒரு ஆபத்து. அளவு மிகவும் ஏறினால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஆயில் இன்டேக்குக்குள் போய், அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுப்பது இன்னொரு ஆபத்து. உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது 20 முதல் 30 நிமிடம் சீரான வேகத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அளவு ஏறினால் இன்ஜெக்டர்கள் சொட்டுகின்றனவா என்று ரிட்டர்ன் அளவுச் சோதனையும் தெளிப்புச் சோதனையும் செய்ய வேண்டும். கேம் ஷாஃப்ட்டால் ஓடும் எரிபொருள் பம்ப் இருந்தால் அதன் சீலையும் பார்க்க வேண்டும்.

ஏறிய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே வந்தது கூலன்ட். ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் காரணமாக இருக்கும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் பேரிங்கைக் கெடுக்கும் என்பதால் அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்நுரை இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் அது குளிரில் படிந்த ஈரம்தான்.

கேள்வி: கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. 20டபிள்யூ-50 ஊற்றினால் பிரஷர் ஏறும் என்கிறார்கள். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைத்தாலும் ஏறுமாம். செய்யலாமா?

பதில்: முதலாவது கேஜில் எண்ணைக் கூட்டும், நோயை ஆற்றாது. எஸ்ஏஇ தரப்படி 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடின் (5டபிள்யூ-30-இல் பின்னால் வரும் எண்) பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. அதாவது ஏறக்குறைய இருமடங்கு கெட்டியான ஆயிலைக் கேட்கிறீர்கள். கேஜ் முள் ஏறும், ஆனால் பேரிங் வழியே ஓடி அதன் சூட்டை எடுத்துச் செல்லும் ஆயிலின் அளவு குறையும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது மேலே கேம் ஷாஃப்ட்டுக்கும் டர்போவுக்கும் ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். வால்வ் டைமிங்கை மாற்றும் அமைப்பு தடுமாறி இன்ஜின் விளக்கும் எரியலாம். அதிக ஓட்டம் ஓடிய இன்ஜினுக்குக் கையேடே அனுமதிக்கும்போது ஒரு படி, அதாவது 5டபிள்யூ-40, ஏற்றுவதில் தவறில்லை. அதற்கு மேல் வேண்டாம். ஆயிலைக் கெட்டியாக்கும் பாட்டில் சரக்குகளுக்கும் இதே பதில்.

இரண்டாவது யோசனை சுத்தமாகப் பயனற்றது. ரிலீஃப் வால்வு பிரஷர் அதிகமாகும்போதுதான் திறக்கும். பல இன்ஜின்களில் 4 முதல் 6 பாருக்குள். சூடான ஐட்லிங்கில் அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவை இன்னும் அழுத்தி மூடினால் ஐட்லிங் பிரஷர் எப்படி ஏறும்? குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் எல்லை மீறி ஃபில்டரின் சீல் பிதுங்கும், அவ்வளவுதான். வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டிருப்பது வேறு விஷயம். அப்போது எல்லா வேகத்திலும் பிரஷர் குறைவாக இருக்கும், குளிர்ந்த இன்ஜினிலும் ஏறாது. வால்வுக்குள் இருக்கும் சிறு பிஸ்டனைக் கழற்றிக் கழுவி ஆயில் தொட்டுத் துளையில் விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். கீறல் இருந்தாலோ ஸ்பிரிங்கின் நீளம் கையேட்டு அளவைவிடக் குறைந்திருந்தாலோ மாற்றுங்கள்.

கேள்வி: புதிய காரின் திரையில் ஆயில் பிரஷர் 1500 ஆர்பிஎம்மில் வெறும் 1.4 பார் காட்டுகிறது. பழைய காரில் 3 காட்டும்.

பதில்: கவலை வேண்டாம். தேவைக்கேற்ப ஆயில் அளவை மாற்றும் பம்ப் உங்கள் இன்ஜினில் இருக்கும். எரிபொருளை மிச்சப்படுத்தக் குறைந்த வேகத்திலும் குறைந்த சுமையிலும் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பிரஷரைத் தாழ்த்தி வைக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் திடீரென்று மேலே தாவினால் அமைப்பு வேலை செய்கிறது என்று அறியலாம். தாவாமலே இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வையும் அதன் வயரையும் ஸ்கேனரில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டறையில் வேலை பழகுகிறேன், ஐயா. பிரஷர் குறைந்த இன்ஜின் ஒன்றைப் பிரித்துவிட்டோம். பம்பையும் பேரிங்கையும் எப்படி அளப்பது? சேர்த்த பிறகு எப்படிக் கிளப்புவது?

பதில்: பம்பிலிருந்து தொடங்குங்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சுற்றும் இரண்டு ரோட்டர்கள் இருந்தால் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். வெளி ரோட்டருக்கும் உடலுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழையுங்கள். புதிதில் பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இரு ரோட்டர்களின் பல் நுனிகள் நேருக்கு நேர் வரும் இடத்தில் இரண்டாவது அளவு. பம்பின் முகத்தில் நேர்க்கோல் வைத்து ரோட்டருக்கும் கோலுக்கும் இடையே எடுப்பது மூன்றாவது. பிரஷரை அதிகம் பாதிப்பது இந்த மூன்றாவதுதான், அது 0.1-ஐத் தாண்டினாலே கையேட்டைத் திறந்து எல்லையைச் சரிபாருங்கள். மூடியின் உள்முகத்தில் நகம் மாட்டும் அளவுக்கு வட்டக் கீறல்கள் இருந்தால் பம்பையே மாற்றுவது நல்லது.

பேரிங்கின் இடைவெளியை அளக்க, நசுங்கும் அகலத்தால் அதைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை போதும். ஜர்னலிலும் (கிராங்க் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் பகுதி) பேரிங் ஷெல்லிலும் ஆயில் துளியும் இல்லாமல் துடைத்து, ஜர்னலின் நீளவாக்கில் இழையை வைத்து, கேப்பை மூடி, கையேட்டில் உள்ள டார்க்கில், அதாவது முறுக்கு அளவில், இறுக்குங்கள். இந்த நேரத்தில் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றவே கூடாது. சுற்றினால் இழை இழுபட்டு அளவு பொய்யாகிவிடும். கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிடுங்கள். சாதாரணக் கார் இன்ஜினில் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரே ஜர்னலில் இழை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் ஜர்னல் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. அங்கே புதிய ஷெல் மட்டும் போட்டுப் பயனில்லை. மைக்ரோமீட்டரில் இரு முனைகளிலும் இரு திசைகளிலும் அளந்து, கிராங்க்கைத் தேய்த்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். சில இன்ஜின்களில் தேய்க்க அனுமதி இல்லை, அதையும் முன்னதாகப் பாருங்கள்.

கேப்புகளை இடம் மாற்றாதீர்கள், திசையும் மாற்றாதீர்கள். டிகிரிக் கணக்கில் இறுக்கும் போல்ட்கள் நீண்டுவிடும் வகை. கையேடு மறுபடி பயன்படுத்தச் சொல்லாதவரை புதியதே போடுங்கள். இழை வைத்து அளக்கும்போது பழைய போல்ட்களைப் பயன்படுத்தலாம். பிளாக்கின் ஆயில் வழிகளைச் சுத்தம் செய்யக் கழற்றிய அடைப்புத் திருகுகள் எல்லாம் திரும்ப ஏறினவா என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒன்று விடுபட்டால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஆனால் பிரஷர் வரவே வராது.

சேர்க்கும்போது பேரிங் முகங்களில் அசெம்பிளி லூப் அல்லது இன்ஜின் ஆயில் தடவுங்கள். பம்புக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி நிரப்பிய பிறகே மாட்டுங்கள். காய்ந்த பம்ப் சம்பிலிருந்து உறிஞ்சாது. கிளப்பும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் விலக்கி வையுங்கள். கேஜ் மாட்டிய நிலையில் ஸ்டார்ட்டரை 10 நொடி சுற்றி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி சுற்றுங்கள். முள் அசைந்து நிலையாக ஏறும்வரை இதைத் தொடருங்கள். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகும் முள் அசையாவிட்டால் இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். ஓ-ரிங்கும் பம்பும் காற்றை இழுக்கின்றன என்று எடுத்துக்கொண்டு மறுபடி சம்பைக் கழற்றுங்கள். பிரஷர் வந்துவிட்டால் எல்லாவற்றையும் மாட்டிக் கிளப்பி, சூடேறிய பிறகு மூன்று வேகங்களிலும் அளவெடுத்து வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும்.